மலாக்காவை ஒரே நாளில் கைடு வைத்துப் பார்க்கலாமா? அத்தையும் வருகிறார்

போச்சம்பள்ளி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மே லீவில் நாங்கள் நான்கு பேர் பெங்களூரில் ஏறிக் கோலாலம்பூர் போகிறோம். தம்பி அங்கே வேலை பார்க்கிறான், அவன் வீட்டில்தான் தங்கல். ஐந்து நாளில் ஒரு நாள் மலாக்காவுக்கு. காலையில் பஸ்ஸில் ஏற்றிப் போய், கைடோடு சுற்றிக் காட்டி, ராத்திரிக்குள் கொண்டுவந்து விடும் பேக்கேஜ் ஒன்றைத் தம்பி பார்த்து வைத்திருக்கிறான். அதில் போகலாமா, இல்லை நாங்களே போய் அங்கே ஒரு கைடு பிடித்துக்கொள்ளலாமா?

கூட வரும் என் மாமியாருக்கு 66 வயது, முட்டிவலி, சுத்த சைவம். அவருடைய தாத்தா ரப்பர் தோட்ட வேலைக்கு மலாயா போனவர். மலாக்கா பக்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்ததாம், அப்புறம் தகவலே இல்லை. அந்த ஊர் மண்ணை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும் என்று அத்தை பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அதியமான்கோட்டைக்காரன்:

டீச்சர், போன வருஷம் இதே மாதிரி ஒரு பேக்கேஜில்தான் நாங்கள் போனோம். கம்பெனி பேர் வேண்டாம். மலாக்காவில் கிடைத்ததே ஐந்து மணி நேரம், அதில் ஒன்றரை மணி நேரம் சாக்லேட் கடையிலும் துரியான் மிட்டாய்க் கடையிலும் போய்விட்டது. பிள்ளையார் கோயில் எங்கே என்று கேட்டதற்கு பஸ் ஜன்னல் வழியாக ஒரு தெருவைக் காட்டி "அந்தப் பக்கம்" என்றார் கைடு. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஆனால் கைடே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். புனித பவுல் குன்றின் மேல் 1521இல் போர்ச்சுகீசியர் கட்டிய சர்ச் கூரை இல்லாமல் நிற்கிறது. உள்ளே சுவரோரமாக ஆள் உயரக் கல்லறைக் கற்களைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், டச்சு எழுத்தும் குடும்பச் சின்னமும் மண்டையோடும் செதுக்கியவை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இடத்தை விட்டு நகர மனசு வராது. கடல் தாண்டி வந்து செத்தவனுக்கும் ஒரு கல், ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கும் ஒரு கல். எந்தக் கல் யாருடையது என்று கைடு படித்துச் சொன்ன அந்த இருபது நிமிஷம்தான் கொடுத்த காசுக்கு வந்தது. பிரான்சிஸ் சேவியர் உடலைக் கோவா கொண்டுபோவதற்கு முன்னால் 1553இல் அங்கேதான் புதைத்திருந்தார்களாம், அந்தக் குழியும் இருக்கிறது.

பாலக்கோடு பாய்:

அக்கா, நான் மலாக்காவில் ஆறு வருஷம் ஹோட்டலில் இருந்தவன். பேக்கேஜ் வேண்டாம். கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்தில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல், அங்கிருந்து கிராப் டாக்சியில் பழைய ஊர். தமிழ் பேசும் கைடை முதல் நாளே தம்பியை விட்டுப் பேசச் சொல்லுங்கள். கடைக்குக் கூட்டிப் போகக் கூடாது, போகவேண்டிய இடம் இன்னின்ன என்று முதலிலேயே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சு அங்கே போனதும் மறந்துபோகும்.

வெயில் ஏறுவதற்குள் சிவப்புச் சதுக்கம். 1753இல் முடித்த டச்சு சர்ச், பக்கத்தில் ஸ்டாட்ஹாய்ஸ் என்கிற கவர்னர் மாளிகை. டச்சுக்காரர் காலத்தில் அவை வெள்ளை, சிவப்பு அடித்தது பிறகு வந்த ஆங்கிலேயர். குன்றில் அத்தையை ஏற்ற வேண்டாம். நம் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையோடு பார்த்தால் அது சின்ன மேடுதான், ஆனாலும் படி படிதான், முட்டிக்கு ஆகாது. நீங்கள் மேலே போய் வரும்வரை அவர் அடிவாரத்தில் சாந்தியாகோ வாசலிடம் நிழலில் உட்காரட்டும். 1807இல் ஆங்கிலேயர் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தபோது மிஞ்சியது அந்த ஒரு வாசல்தான். மேலே 1670 என்றும் டச்சுக் கம்பெனி முத்திரையும் இருக்கும். பூவும் பொம்மையுமாக ஜோடித்த சைக்கிள் ரிக்‌ஷாவில் அத்தையை ஏற்றுங்கள், பாட்டுச் சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆற்றைத் தாண்டினால் தட்டார் தெரு, மலாய்மொழியில் ஜாலான் துக்காங் இமாஸ். பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் கட்டியது, இன்றும் பூஜை நடக்கிறது. அதே தெருவில் 1748இல் நம் ஊர் முஸ்லிம் வியாபாரிகள் கட்டிய பள்ளிவாசல். குவிமாடமே கிடையாது, அடுக்குக் கூரை, மினாரா பார்த்தால் சீனக் கோபுரம் மாதிரி இருக்கும். நான் தொழுத பள்ளி. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் தவிர்த்துவிடுங்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். ஒருவர் சாமிக்கு இடைஞ்சல் இல்லாமல் இன்னொருவர் சாமி, இத்தனை வருஷமாக. இங்கே ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். பள்ளிவாசல் பேரில் "கிளிங்" என்று இருக்கும். பேர் பழசு, ஆனால் அங்குள்ள தமிழர்களை யாராவது அந்தச் சொல்லால் கூப்பிட்டால் அது வசவு.

சாப்பாட்டில் கவனம். கீரைப் பொரியலில்கூட பெலாச்சான் என்கிற இறால் விழுது போடுவார்கள், "வெஜிடபிள்" என்று சொல்லித்தான் தருவார்கள். அத்தைக்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைதான் சரி. செண்டோல் குடிக்கலாம். தேங்காய்ப் பாலும் தென்னங்கருப்பட்டியும்தான், அவருக்குப் பிடிக்கும்.

போச்சம்பள்ளி டீச்சர்:

பாய், ரொம்ப நன்றி. அத்தையிடம் அப்படியே படித்துக் காட்டினேன். செட்டி கிராமம் என்று ஒன்று இருக்கிறதாமே, அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள் என்று தம்பி சொல்கிறான். தாத்தாவைப் பற்றி அங்கே விசாரிக்கலாமா?

ஊத்தங்கரை வாத்தியார்:

அம்மா, அங்கே அவசியம் போங்கள். ஆனால் தாத்தாவைத் தேடி அங்கே போக வேண்டாம். இந்த வித்தியாசத்தைக் கைடுகள் பலர் சொல்வதில்லை.

மலாக்கா செட்டிகள் சுல்தான்கள் காலத்திலேயே, அதாவது 15ஆம் நூற்றாண்டிலேயே, வியாபாரத்துக்கு வந்து உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்ட தமிழர்களின் வம்சம். 1511இல் போர்ச்சுகீசியர் ஊரைப் பிடித்ததும் நீனா சத்து என்று அவர்கள் எழுதிவைத்த ஒரு தமிழ் வணிகரைத்தான் பெண்டஹாரா என்கிற உயர்ந்த அதிகாரப் பதவியில் வைத்தார்கள். இன்று அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனையும் பிள்ளையாரையும். போகியன்று வாழையிலை போட்டு முன்னோருக்குப் படைக்கிறார்கள், பழக்காலம் வந்தால் பழங்களுக்கென்று இன்னொரு படையல். மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் டத்தோ சாச்சார், சாச்சார் என்றால் அம்மை. மொழி போன பிறகும் அம்மை போட்டால் மாரியாத்தாள்தான் என்பது போகவில்லை. உங்கள் அத்தைக்கு அந்தக் கோயிலில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

தோட்டத் தமிழர் வந்தது மிகவும் பிற்பாடு, ஆங்கிலேயர் காலத்தில். டச்சுக்காரரோடு போட்ட 1824 ஒப்பந்தத்தில்தான் மலாக்கா நிரந்தரமாக அவர்கள் கைக்குப் போனது. ரப்பர் அதற்கும் பிறகு, 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில்தான். கடிதத்தில் தோட்டத்தின் பேரோ தபால் முத்திரையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலைத் தேடுங்கள், தோட்டத்துக்கு ஒரு கோயில் இருந்திருக்கும், பழைய ஆட்கள் அங்கேதான் கூடுவார்கள்.

போச்சம்பள்ளி டீச்சர்:

சார், ஒரு கடிதம் அத்தையின் அண்ணன் வீட்டில், பர்கூரில், டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம். பேக்கேஜ் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். மலாக்காவுக்கு ஒரு நாள் என்பதை இரண்டு நாளாக்கியிருக்கிறோம்.