உதவி தேவை: நான் வாங்கிய பழைய கார் இன்னும் முன்னாள் உரிமையாளரின் போனில் தெரிகிறது (கோத்தகிரி)

கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். மார்கழியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் இரண்டு வருடம் ஓடிய கார் வாங்கினேன். ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் என் பெயருக்கு மாறிவிட்டன. கட்டபெட்டு தாண்டித் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. அம்மாவும் நானும்தான் இருக்கிறோம்.

போன ஞாயிறு விடியற்காலை ஐந்தே கால் மணி இருக்கும். வாசலில் நின்ற கார் தானாக ஹாரன் அடித்தது. வெளியே மூடுபனி. இண்டிகேட்டர் வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் மஞ்சளாக வந்து வந்து போனது. காட்டுமாடு வந்து உரசிவிட்டதோ என்று டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குளம்படி எதுவும் இல்லை, கதவும் பூட்டியபடியே இருந்தது. சற்று நேரத்தில் அதுவாகவே நின்றுவிட்டது.

எட்டு மணிக்குப் பழைய ஓனர் போன் செய்தார். ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்கில் தன்னுடைய புது வண்டியைத் தேடும்போது, கார் கம்பெனியின் ஆப்பில் கைதவறிப் பழைய வண்டியை அழுத்திவிட்டாராம். மன்னிப்பும் கேட்டார். அதோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். "மாசம் ரெண்டு தடவை அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டி நிக்குதே, யாருக்கும்மா உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார், நல்ல மனிதர். ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அம்மாவின் சிகிச்சை பற்றி எங்கள் சொந்தக்காரர்களுக்கே நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த நாள் சர்வீஸ் சென்டரிலிருந்தும் அழைப்பு. "மேடம், உங்கள் டிரைவிங் ஸ்கோர் 38-தான் வருகிறது, திடீர் பிரேக் நிறைய இருக்கிறது" என்றார்கள். அந்த ஆப்பே என் போனில் கிடையாது.

இந்த இணைப்பை எப்படி அறுப்பது? என் போக்குவரத்து இன்னும் யார் யாருக்குப் போகிறது? இந்த ஸ்கோர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனால் பிரீமியம் ஏறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊட்டி டாக்ஸி

டீச்சர், படிக்கவே கஷ்டமாக இருந்தது. எங்கள் மஞ்சள் போர்டு வண்டிகளின் கதை வேறு. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொது வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. ஏறுகிறவர்களின் பாதுகாப்புக்காக என்பதால் அதை ஏற்றுக்கொள்கிறோம். சொந்த வண்டிக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது.

2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததல்லவா, அதில்கூட வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்பார்கள், நாமே டைப் செய்வோம். என்ன கொடுத்தோம் என்று நமக்குத் தெரியும். உங்கள் கார் கேட்காமலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரே வழி, காரிலிருந்து விவரம் அனுப்பும் யூனிட்டுக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

குன்னூர் ஒர்க்‌ஷாப்

ஃபியூஸில் கை வைக்க வேண்டாம், டீச்சர். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டேஷ்போர்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. டெலிமாட்டிக்ஸ் யூனிட் என்போம். அதற்குள் ஜி.பி.எஸ்., அசைவை அளக்கும் சென்சார், ஒரு இ-சிம், அதாவது உள்ளேயே பதித்த சிம் கார்டு. உங்கள் போனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, தனக்கென்று நெட்வொர்க் வைத்திருக்கிறது. சிக்னல் இல்லாத வளைவில் சேர்த்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். ஆப் உங்கள் போனில் இல்லாமலே ஸ்கோர் போனது இப்படித்தான். பெரும்பாலான வண்டிகளில் ஆபத்தில் உதவிக்கு அழைக்கும் எஸ்.ஓ.எஸ். பொத்தானும் அதே இ-சிம் வழியாகத்தான் பேசுகிறது. ராத்திரி பள்ளத்தில் வண்டி இறங்கிவிட்டால் முதலில் கூப்பிடுவது அதுதான். அம்மாவை வைத்துக்கொண்டு மலை இறங்குகிறவர்கள் அதை இழக்கக் கூடாது. சில வண்டிகளில் மைக்கும் ஸ்பீக்கரும் கூடவே போய்விடும்.

உங்கள் வண்டி இன்னும் பழைய கணக்கில்தான் கிடக்கிறது. ஆர்.சி. மாறினால் கம்பெனியின் சர்வருக்குத் தெரியாது, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் கணக்கு இருக்கும்வரை அவரால் ஹாரன் மட்டுமல்ல, பல மாடல்களில் கதவைத் திறக்கவும் முடியும். அதனால் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

முதலில் பழைய ஓனரிடம் சொல்லி, அவர் ஆப்பில் இருந்து வண்டியையே நீக்கச் சொல்லுங்கள். லாக்-அவுட் செய்தால் போதாது. நீக்கிய பின் ஸ்கிரீன்ஷாட் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மனைவி, பிள்ளைகள் போனில் கூடுதல் பயனாளராகச் சேர்த்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய், முதன்மைப் பயனாளரை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். கையெழுத்து போட்ட நகல் ஒன்று கையில் இருக்கட்டும். கடைசியாக ஸ்கிரீனில் ஃபேக்டரி ரீசெட். பழைய ஓனரின் போன்புக் அதில் அப்படியே கிடக்கும், பார்த்திருக்கிறேன். 'ஹோம்' என்று அவர் வீட்டு முகவரிகூட இருக்கும். நீங்கள் விற்கும்போதும் இதை மறக்காதீர்கள்.

கோத்தகிரி டீச்சர்

அண்ணா, ரொம்ப நன்றி. இப்போதே போய் ஸ்கிரீனைப் பார்த்தேன். 212 தொடர்பு எண்கள் அப்படியே இருக்கின்றன. அவர் என்னைப் பார்த்தது போலவே நானும் அவர் வீட்டை இத்தனை நாள் வாசலில் வைத்திருந்திருக்கிறேன். அவருக்கும் சொல்லப்போகிறேன்.

ஸ்கோர் விஷயம் மட்டும் மனதை அரிக்கிறது. பதினாறு வருடமாக இந்த மலையில் ஓட்டுகிறேன், ஒரு கிளெய்ம் கிடையாது.

ஊட்டி டாக்ஸி

ஃபியூஸ் பற்றி நான் சொன்னதை விட்டுவிடுங்கள், ஒர்க்‌ஷாப் அண்ணன் சொல்வது சரி.

ஸ்கோர் பற்றி நான் சொல்கிறேன். சென்சாருக்குத் தெரிந்தது வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைந்தது, வண்டி எவ்வளவு பக்கவாட்டில் இழுத்தது, இவ்வளவுதான். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டி–மசினகுடி கல்லட்டிச் சாலையில் 36. ஒவ்வொன்றையும் சமவெளிச் சாலை மாதிரி அளந்தால் யாருக்கு ஸ்கோர் வரும்? மூடுபனிக்குள்ளிருந்து காட்டுமாடு சாலையில் வந்து நின்றால் பிரேக்கை மிதிக்கத்தான் வேண்டும். மிதித்ததால் உயிர் பிழைத்தது, அங்கே எழுதப்பட்டது 'திடீர் பிரேக்'. ஏன் மிதித்தோம் என்று எழுத அதில் இடமில்லை. எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே விட்டு இன்ஜின் பிடிப்பில் இறங்கினால் 'திடீர் பிரேக்' கணக்கும் குறையும், பிரேக் சூடாவதும் குறையும். ஸ்கோருக்காக மட்டும் காட்டுமாட்டின் முன்னால் யோசித்து நிற்காதீர்கள்.

அருவங்காடு ரிடையர்டு

முப்பது வருடம் இன்சூரன்ஸ் துறையில் இருந்தவன். பிரீமியம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பாலிசியில் இரண்டு பகுதி. மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. தனியார் காருக்கு அது இன்ஜினின் சி.சி.-யைப் பொறுத்தது, உங்கள் பிரேக் அதைத் தொடாது. சொந்தச் சேதப் பகுதியில்தான் கம்பெனிக்குச் சுதந்திரம். 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓட்டும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்து பிரீமியம் அமையும் கூடுதல் கவர்களை அனுமதித்தது. அவை நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. புதுப்பிக்கும்போது அப்படி ஒரு கவர் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசித் தாளில் பாருங்கள். சேர்ந்திராவிட்டால், அந்தக் கவரின் பேரில் ஸ்கோரை வைத்து உங்களிடம் வசூலிக்க வழியில்லை. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான போனஸ் உங்களுடையது, அது காரோடு போகாது, உங்களோடுதான் வரும்.

பயம் வீண் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் நடந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 'ஸ்மார்ட் டிரைவர்' திட்டத்தில் திடீர் பிரேக், வேகம், இரவுப் பயணம் ஆகியவற்றைச் சேகரித்து, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விவரம் தரும் நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2024 மார்ச்சில் வெளியே வந்தது. பலருக்குத் தங்கள் பிரீமியம் ஏன் ஏறியது என்றே தெரியாமல் இருந்திருக்கிறது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தபோது, சில நேரம் மூன்று வினாடிக்கு ஒருமுறை இருப்பிடம் எடுக்கப்பட்டது என்றது. அந்தத் தகவலை அத்தகைய நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகள் தரக் கூடாது என்று முடிவானது. அதற்கு முன், 2023 செப்டம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் பின்னால் உள்ள மொசில்லா அமைப்பு 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை.

நம் நாட்டில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நம் தரவைக் காட்டு, அழி என்று கேட்கும் உரிமைகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படியே ஒவ்வொரு கம்பெனியும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரைத் தன் இணையதளத்தில் போட வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நான் வண்டி வாங்கிய தேதியிலிருந்து என் பயண விவரம் யார் யாருக்குப் போனது, எந்தச் சம்மதத்தின் பேரில் என்று கேளுங்கள். சம்மதம் கொடுத்தவர் பழைய ஓனர், ஓட்டியது நீங்கள். உங்கள் மடலில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

கோத்தகிரி டீச்சர்

ஒன்பது நாள் ஆயிற்று, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஓனர் அன்றைக்கே நீக்கிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அவர் மகனின் போனிலும் இருந்திருக்கிறது, அதையும் எடுத்தார். "இத்தனை நாள் பார்த்ததே தப்பு, இனிமே எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்றார். அவருடைய தொடர்பு எண்களை நான் அழித்ததைச் சொன்னதும் திடுக்கிட்டுப்போனார். சர்வீஸ் சென்டரில் முதலில் "நான்கு நாள் ஆகும்" என்றார்கள். இரண்டாம் முறை ஆர்.சி. நகலைக் கொடுத்து உட்கார்ந்தேன். மாலைக்குள் மாற்றிவிட்டார்கள். ஆப்பில் டிரைவிங் ஸ்கோருக்குத் தனிப் பொத்தான் இருந்தது, அணைத்துவிட்டேன். எஸ்.ஓ.எஸ். மட்டும் அப்படியே வேலை செய்கிறது, சோதித்துப் பார்த்தேன்.

பாலிசியில் அந்தக் கவர் இல்லை. குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிய மடலுக்கு 'கிடைத்தது' என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. மாதம் முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கீழே போகிறேன்.

ஊட்டி டாக்ஸி

குஞ்சப்பனை வழியாகத்தானே போவீர்கள்? இரண்டு நாளாக மழை, ஓரத்தில் மண் சரிந்து கிடக்கிறது. வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள், டீச்சர்.