வீட்டு வரிக் கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேவிபட்டினம் பக்கம் கடலோர ஊராட்சி எங்களுடையது. போன வருடம் அம்மா வீட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டோம். இப்போது வரி இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கிறது. கூரை மாறினால் வரி ஏறும், சரி. வரிக்கு மேல் அதில் பத்தில் ஒரு பங்கு நூலக வரி, அதுவும் புரிகிறது. ஆனால் வலை போட்டு வைக்கும் தகரக் கொட்டகையையும் சேர்த்து அளந்துவிட்டார்களோ என்று சந்தேகம். எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை எந்தப் பதிவேட்டில் பார்க்கலாம்? திரும்ப அளக்கச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது?

அப்புறம், 15-வது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி 2021-26 ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான். எங்கள் தெருக் குழாயிலோ உப்புத்தண்ணீர். குடம் குடமாக வண்டியில் வாங்குகிறோம். எங்கள் ஊருக்கு வந்த பங்கு எந்த வேலைக்குப் போனது என்று கிராம சபையில் எப்படிக் கேட்பது? கேட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.