ஓய்வுக்குப் பிறகு கோவைப் பக்கம்: பத்து சென்ட் கனவில் எதைக் குறைப்பது?

கேள்வி – மடிப்பாக்கத்தான்

மார்ச்சில் பணி ஓய்வு. எனக்கு 60, மனைவிக்கு 57. சென்னை ஃபிளாட்டை விற்றால் வரி போகக் கையில் 90 லட்சம் நிற்கும். சேமிப்பைத் தொட விருப்பமில்லை. நாங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியல்: வடவள்ளி – தொண்டாமுத்தூர் பக்கம் 10 சென்ட், தனி வீடு, கீழே இரண்டு படுக்கையறை, பெங்களூரிலிருந்து பிள்ளைகள் வந்தால் தங்க மாடியில் இரண்டு, போர் (ஆழ்துளைக் கிணறு), சின்னத் தோட்டம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம். வடவள்ளியில் சென்ட் 12 லட்சத்துக்குக் கீழே யாரும் பேசவில்லை. இன்னும் மேற்கே உள்ளே போனால் பாதி விலை என்கிறார்கள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது?

பதில் 1 – மருதமலை அடிவாரம்

வணக்கமுங்க. முதல்ல கணக்கைப் போட்டுடலாம். நீங்க சொல்ற விலையில 5 சென்ட்டே 60 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 5.4 லட்சம். மிச்சம் 24.6 லட்சம். கட்டுமானம் சதுர அடி 2,400 ரூபாய்ன்னு வெச்சாலும் ஆயிரம் சதுர அடியோட காசு முடிஞ்சுது. காம்பவுண்டு சுவர், தொட்டி, போர், கரண்ட் இணைப்பு, பிளான் அப்ரூவல் எல்லாம் அந்த 2,400க்கு வெளியிலங்க. பத்து சென்ட்டை இன்னைக்கே மறந்துடுங்க.

3.5 சென்ட் (சுமார் 1,525 சதுர அடி) பாருங்க. பதிவோட 46 லட்சத்துக்குள்ள அடங்கும். சுத்தி விட வேண்டிய இடம் போக, கீழ்த்தளம் மட்டும் 850 சதுர அடி வரும். ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், அடுப்படி, ரெண்டு பாத்ரூம் தாராளமா நிக்கும். வெளிவேலைக்கு 7, 8 லட்சம் போனாலும் கையில 15 லட்சம் இருக்கும். அந்தப் பதினஞ்சைச் சுவத்துல போட்டுடாதீங்க, உடம்புக்கு ஆகும்.

மாடி ரூம் பத்தி ஒண்ணு சொல்லணும். வருஷத்துல பத்து நாள் வர்ற பிள்ளைகளுக்காக 12 லட்சத்தைக் கான்கிரீட்டுல புதைக்கிறது ஆகாத வேலை. கூட்டிப் பெருக்கறதுக்கே ஆள் தேடணும். அஸ்திவாரத்தை மட்டும் ஒரு மாடி தாங்கற மாதிரி போட்டு வெச்சா போதும். தூண் கம்பியை மொட்டை மாடியில நீட்டி விட்டா துருப் பிடிச்சுக் கான்கிரீட்டு வெடிக்கும். விட்டே ஆகணும்னா மெலிசாக் கான்கிரீட்டுப் பூசி மூடிடுங்க.

"உள்ளே போனால் பாதி விலை"ங்கறதுக்குக் காரணம் இருக்குதுங்க. தொண்டாமுத்தூர், நரசீபுரம், தடாகம் பக்கம் மலையை ஒட்டின ஊர்கள்ல ராத்திரி யானை வரும். விடியக்காலை வாக்கிங், பால் வாங்கப் போறது எல்லாம் அங்க வேற கணக்கு. இன்னொண்ணு, அந்தப் பக்கம் நிறைய கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்துக்குள்ள வருது. இங்க எல்லாரும் "ஹாகா"ம்பாங்க. அந்த அனுமதி இல்லாம மனை அங்கீகாரமே நிக்காது. புரோக்கர் காட்டற ஜெராக்ஸை நம்பாம, ஹாகா பட்டியல்ல அந்தக் கிராமம் இருக்குதான்னு நகர் ஊரமைப்பு அலுவலகத்துல நேர்ல கேளுங்க. அங்கீகாரம் இல்லாத மனைன்னா, 2016 அக்டோபர் 20க்கு முன்னால பதிவானதா, வரன்முறைப்படுத்தின உத்தரவு இருக்குதான்னு பாருங்க. ரெண்டும் இல்லைன்னா எந்த விலைக்கும் வேண்டாமுங்க.

பதில் 2 – நல்லதண்ணி

இடத்தைக் குறைக்கலாம், தண்ணீரைக் குறைக்க முடியாது. மேற்குக் கோவையில் "சிறுவாணித் தண்ணி வரும்" என்று சொல்லி மனை விற்பார்கள். குழாய் தெருவில் இருக்கிறதா, வீட்டு இணைப்பு தருகிறார்களா, எத்தனை நாளுக்கு ஒரு முறை விடுகிறார்கள் – மூன்றையும் அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் சரியான தகவல்.

பத்து நாளுக்கு ஒரு முறை வந்தால், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் வீதம் இருவருக்கு 2,700 லிட்டர் வேண்டும். 5 அடிக்கு 5 அடி, 5 அடி ஆழம் உள்ள தொட்டி 3,500 லிட்டர் பிடிக்கும், அது போதும். ஆனால் நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய் போடுங்கள். ஒரே தொட்டியில் கலந்தால் இருக்கிற நல்ல தண்ணீரும் வீண்.

போர் தண்ணீரை மாவட்டக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கடினத்தன்மைக்கு அதே கணக்கில் 200, 600. கடினத்தன்மை ஏறினால் கீசர் காயிலில் சுண்ணாம்பு கட்டும், சோலார் ஹீட்டர் அடைக்கும். இதெல்லாம் மாற்றக்கூடிய பொருள்கள்தான், ஆனால் எழுபது வயதில் பிளம்பர் பின்னால் அலைவது கொடுமை. திருப்பூருக்குக் கீழே நொய்யல் கரையோரம் மலிவாக இடம் வந்தால் தண்ணீர் அறிக்கை பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சாயக்கழிவு நிலத்தடியில் இறங்கிய பகுதி அது.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் நாள் முழுக்க நிற்காது. மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல் வைத்த வீட்டில் அந்த மாதங்களில் புழுதிதான் குடியிருக்கும்.

பதில் 3 – கட்டட மேஸ்திரி

எதை விடக் கூடாதுன்னு கேட்டீங்க. பாத்ரூமுங்க. ரூமை ஓரடி சுருக்கிக்கலாம், பாத்ரூமைச் சுருக்காதீங்க. உள்ளளவு 5க்கு 8 அடியாவது வேணும். வாசக்கால் கழிச்சு உள்ள நுழையற வழி 3 அடி (90 செ.மீ.) இருக்கணும். நம்ம பக்கம் வழக்கமா 2.5 அடிக் கதவுதான் போடுவாங்க, அதுல சக்கர நாற்காலி நுழையாது. கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ள விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தா உள்பக்கம் தள்ளற கதவைத் திறக்கவே முடியாதுங்க.

தண்ணி வெளிய வரக் கூடாதுன்னு வாசல்ல ஒண்ணரை, ரெண்டு இஞ்ச் கல் வெப்பாங்க. கால் தடுக்கறது அங்கதான். கல் வேண்டாம். தளத்தை வாசல்ல இருந்து எதிர்ச் சுவத்துக்கு வாட்டம் கொடுத்து, அந்தச் சுவரோரமா நீள ஜாலி (தண்ணி வடியற சல்லடை மூடி) வெச்சா தண்ணி வெளிய வராது. இதை ஸ்லாப் போடறதுக்கு முன்னாலயே சொல்லிடணும், டைல்ஸ் ஒட்டற அன்னைக்குச் சொன்னா நடக்காது.

பிடிகம்பி தரையில இருந்து 75–85 செ.மீ. உயரத்துல. ஹாலோ பிளாக் சுவத்துல சாதாரண ஸ்க்ரூ போட்டா டைல்ஸை மட்டும் பிடிச்சுட்டு நிக்கும், ஆள் எடை விழுந்தா பேந்து வந்துடும். கம்பி வர்ற இடத்துல மட்டும் பிளாக் குழியைக் கான்கிரீட்டு ஊத்தி நிரப்பிடுங்க. செலவு ஒண்ணும் பெருசில்லை.

பதில் 4 – கணக்குப்பிள்ளை

விற்ற உடனே மனை வாங்கி விடாதீர்கள். வருமான வரிச் சட்டப்படி, வீட்டை விற்ற லாபத்துக்கு வரிவிலக்குப் பெற இரண்டு ஆண்டுக்குள் வீடு வாங்கலாம், கட்டுவதானால் மூன்று ஆண்டு. மனையின் விலையும் இதில் சேரும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவழிக்காத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண வைப்பு நிதியில் போட்டால் விலக்குப் போய்விடும். புதுப் பத்திரத்தில் விற்றவர் பெயர் கட்டாயம் இருக்கட்டும். மனைவியைச் சேர்க்கலாம், அவர் பெயரில் மட்டும் எழுதினால் பிறகு வாதாட வேண்டி வரும். வாங்கிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றாலும் விலக்குத் திரும்பப் போகும். அதாவது அவசரப்பட்டு இடம் தவறினால் எளிதில் மாற முடியாது.

ஆகவே முதல் ஒரு வருடம் வாடகை. ஏப்ரலில் வந்தால் கோடைத் தண்ணீர், ஆடிக் காற்று, ஐப்பசி மழை மூன்றையும் பார்த்துவிடலாம். சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைதான். கூடுதலாகக் கேட்பார்கள், பேசிக் குறையுங்கள்.

மடிப்பாக்கத்தான்

நன்றி. பட்டியலிலிருந்து மாடியை அடித்துவிட்டேன். பொள்ளாச்சியில் தென்னந்தோப்புக்குள் 20 சென்ட் பண்ணை மனை ஒன்றும், கோவையில் மூத்தோர் குடியிருப்பு ஒன்றும் வந்திருக்கின்றன. எப்படி?

மருதமலை அடிவாரம்

பண்ணை மனை வேண்டாமுங்க. பேர் எதுவானாலும் அங்கீகாரம் இல்லாட்டி அது விவசாயக் காடுதான், வீடு கட்ட அனுமதி தனியா அலையணும். விவசாய இலவசக் கரண்டுல வீட்டு ஃபேனைப் போட்டா அது குத்தம். மரம் ஏற ஆள் கிடைக்கறதில்லை, போதாததுக்கு வெள்ளை ஈ, வேர் வாடல். ராத்திரி நெஞ்சு வலின்னா கோவைக்கு 40 கிலோமீட்டர்.

மூத்தோர் குடியிருப்புல ஒப்பந்தத்தை வாங்கிட்டு வந்து வீட்டுல வெச்சுப் படிங்க. பிரிபடாத நிலப் பங்கு (மொத்த நிலத்துல உங்க பாகம்) உங்க பேர்ல பதிவாகுதா, இல்லை வெறும் டெபாசிட்டா? டெபாசிட்டுன்னா திருப்பித் தரும்போது வருஷத்துக்கு எவ்வளவு கழிப்பாங்க, எத்தனை நாள்ல தருவாங்க? விக்கணும்னா வயசு வரம்பு உள்ளவருக்குத்தான் விக்கணுமா? ரெண்டு பேர்ல ஒருத்தர் படுத்த படுக்கையானா, மறதி நோய் வந்தா அங்கயே வெச்சுப் பார்ப்பாங்களா, வெளிய போகச் சொல்வாங்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்துல வாங்குங்க. வாடகைக்கு இருக்கற வருஷத்துலயே அங்க ஒரு மாசம் தங்கிச் சாப்பிட்டுப் பார்க்கவும் கேளுங்க, விருந்தினர் அறை வெச்சிருக்கறவங்க விடுவாங்க.