தேங்காய் நிமிர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். இது ஆதாரம் இல்லையா?

காங்கேயத்துக்காரன்:
கிணறு வற்றி மூன்று வருடமாகிறது. 60 தென்னை நிற்கிறது, அதைக் காப்பாற்றப் போர் போட்டாக வேண்டும். போன வாரம் அப்பா நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். தொட்டிக்குக் கிழக்கே வந்ததும் குடுமிப் பக்கம் எழும்பி, தேங்காய் நேராக நின்றுவிட்டது. பக்கத்திலேயே நின்றேன், அவர் விரல் அசைந்ததாகத் தெரியவில்லை. காசும் வாங்கவில்லை, ஏமாற்றுகிற மனிதரில்லை. "அவர் காட்டின எத்தனை தோட்டத்துல தண்ணி வந்திருக்கு தெரியுமா?" என்கிறார் அப்பா. நான் பி.எஸ்சி. படித்தவன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆதாரமுள்ள நம்பிக்கை, ஆதாரமில்லாத நம்பிக்கை என்று எதை வைத்துப் பிரிப்பது?

போர்வண்டி:
14 வருடமாகப் போர் வண்டியில் இருக்கிறேன். தண்ணீர் பீய்ச்சியடித்தால் ஊரே கூடும், பார்த்துச் சொன்னவருக்கு வேட்டி துண்டு வைப்பார்கள். 800 அடி போயும் வெறும் புகை வந்தால், "நம்ம நேரம் சரியில்லை" என்று குழியின் மேல் கல்லை வைத்து மூடிவிடுவார்கள். அடுத்த வருடம் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உங்கள் அப்பாவின் கணக்கில் அந்தக் குழிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

பாறைக்காரர்:
நிலத்தடி நீர் பார்ப்பதுதான் என் தொழில். தம்பி, தேங்காய் நிமிர்ந்தது உண்மை. அது எதற்கு ஆதாரம் என்பதுதான் கேள்வி. மனதில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தால் நமக்கே தெரியாமல் கைத்தசை அசையும். 1852-லேயே வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விளக்கிவிட்டார். 1990-ல் ஜெர்மனியின் காசெல் நகரத்தில் நீரோட்டம் பார்க்கும் 30 பேரைச் சோதித்தார்கள். மண்ணுக்கடியில் அரை மீட்டர் ஆழத்தில் குழாய். அதில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். சோதனை முறையை முன்னாலேயே ஒப்புக்கொண்டவர்கள்தான். குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரியாக வருமோ, அவ்வளவுதான் வந்தது.

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டரை வைத்துக்கொண்டு நானும் தவறியிருக்கிறேன். நம் பக்கம் கடினப் பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கும். ஆனால் தவறிய ஒவ்வொரு இடத்தின் அளவும் என் நோட்டில் இருக்கிறது. அடுத்த இடம் பார்க்கும்போது அதைத்தான் முதலில் புரட்டுவேன்.

பெரியவர் சம்மதித்தால் துண்டால் கண்ணைக் கட்டி ஐந்து முறை நடக்கச் சொல்லுங்கள். தேங்காய் நிமிரும் இடத்திலெல்லாம் ஒரு முளைக்குச்சி அடியுங்கள். குச்சிகள் எப்படி விழுந்தால் இதை விட்டுவிடுவது என்று அப்பாவிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் பேசினால் சாக்கு வந்துவிடும்.

காங்கேயத்துக்காரன்:
இன்று காலை செய்தோம். கேட்கத் தயங்கினேன், அவரே "கட்டு தம்பி" என்றார். ஐந்து முறையும் தேங்காய் நிமிர்ந்தது. ஐந்து குச்சியும் ஐந்து இடத்தில். ஒன்று கூடத் தொட்டிப் பக்கம் விழவில்லை, ஒன்று களத்து மேட்டிலேயே நிற்கிறது. கட்டை அவிழ்த்ததும் பெரியவர் வெகுநேரம் குச்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாப்பது வருசமா பாக்கறனே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சாப்பிட வைத்து, வண்டியில் கொண்டுபோய் விட்டு வந்தேன்.

அப்பா குச்சிகளைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மீட்டர் வைத்துப் பார்க்க ஆள் வருகிறார். எத்தனை அடியில் எவ்வளவு தண்ணீர் என்று அவரிடமும் முதலிலேயே எழுதி வாங்கச் சொன்னதும் அப்பாதான்.