தாழ்ப்பாள் இல்லாத ஒப்பனை அறை

நடிகை, புதுச்சேரி

மேடைக்குப் பின்னால நாம படற பாட்டைச் சொல்லணும்னா, நானே ஆரம்பிக்கிறேன். காலாப்பட்டுல நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல இருக்கிற நிகழ்கலைப் பள்ளியில நாடகம் படிச்சவ. குரல், உடம்பு, ஒப்பனை எல்லாம் அங்க கத்துக்கிட்டேன். ரெண்டு மணி நேரம் ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு வசனம் பேசறதை மட்டும் வெளிய வந்துதான் கத்துக்கிட்டேன்.

கடலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பொண்ணுங்க நாலு பேர். துணி மாத்த இடம் கேட்டதுக்குச் சாமான் ரூமைத் தொறந்து விட்டாங்க. அண்டா, ஜமக்காளம், ஒத்தை பல்பு. கதவுல தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி கதவுல முதுகைச் சாய்ச்சு நிப்பா, மத்தவங்க மாத்துவோம், அப்புறம் அவ முறை.

மூணாவது காட்சியில நான் புருஷனைப் பறிகொடுத்தவளா வரணும். பட்டுப் புடவையை உருவி வெள்ளை கட்ட எனக்குக் கிடைக்கிறது ஒரு பாட்டு நேரம். கதவுக்கு நிக்க வேண்டியவளோ மேடையில மாட்டிக்கிட்டா. வேற வழியில்லாம பட்டு மேலயே வெள்ளையைச் சுத்திக்கிட்டுப் போய் நின்னேன். கொசுவத்துக்குக் கீழ சிவப்புக் கரை எட்டிப் பாக்குது. முன்வரிசையில ஒரு பாட்டி வாய்விட்டுச் சொல்லுச்சு: "பாவம், கட்டிக்கினு வந்ததை அவுக்க மனசு வரல அதுக்கு." மண்டபம் அப்படியே அடங்கிப் போச்சு.

டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஷோவுலேர்ந்து அந்தச் சிவப்புக் கரை நாடகத்துல சேர்ந்துடுச்சு. கூப்பிடறவங்ககிட்ட பூட்டுற ரூம் ஒண்ணு கேளுங்கன்னா மட்டும், "இதெல்லாம் சகஜம்மா"ங்கறார்.

கூத்துக் கலைஞர், பண்ருட்டிப் பக்கம்

தங்கச்சி, உனக்காவது சாமான் ரூம். நான் இருபது வருஷமா பெண் வேஷம் கட்டறேன். கோயிலுக்குப் பின்னால நாலு கொம்பு நட்டு வேட்டி கட்டினா அதுதான் எங்க ஒப்பனைக் கொட்டகை. பசங்க ஓட்டை வழியா எட்டிப் பாப்பானுங்க. பாஞ்சாலி பீடி குடிக்கிறதைப் பாத்துட்டு ஒருத்தன் ஓடிப்போய் அவங்க ஆயாகிட்ட சொல்லிட்டான். அன்னிக்குத் துகில்ல எவ்வளவு அழுதும் அந்தக் கிழவி மட்டும் அழவே இல்ல!

அதைவிடப் பெரிய ரோதனை மைக். ராத்திரி 10 மணிக்கு மேல விடியக்காலம் 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-லேர்ந்து விதி இருக்கு. நோயாளி, படிக்கிற புள்ளைங்களை நினைச்சா அது ஞாயம்தான், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க ஆட்டம் களை கட்டறதே பத்துக்கு மேலதானே. போலீஸ் வந்தா மைக்கை நிறுத்திட்டுச் சும்மா பாடுவோம். முகவீணைன்னா சின்ன நாயனம் மாதிரி ஊதற வாத்தியம், அதுக்கு மைக் தேவையில்ல, எந்தக் கோடிக்கும் கேக்கும். எங்க தொண்டைதான் மூணாம் ராத்திரியில கம்மிப் போவுது.

விடிஞ்சதும் அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கணும், அப்புறம் தண்ணி ஊத்திக் கழுவணும். ஒரு ஊர்ல குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. பாதி முகத்தோட துண்டைப் போத்திக்கிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். கண்டக்டர், "எங்கம்மா போவணும்?"னு கேட்டுட்டு, கீழ லுங்கியைப் பாத்தார். சில்லறையைக் கையில வச்சிட்டுப் பேசாமப் போயிட்டார்.

லைட் போடறவன், திருப்பாதிரிப்புலியூர்

எங்களுக்கு வாடகை வரும், கூலி வராது. பார் லைட்டுக்கு, டிம்மருக்கு எல்லாம் கணக்குப் போட்டுக் குடுப்பாங்க. ஏணியில ஏறி மாட்டினவன் கணக்குல வர மாட்டான். அது பழகிப் போச்சு.

தாழ்ப்பாள் விஷயம் படிச்சதும் சொல்லணும்னு தோணுச்சு. என் பெட்டியில டெஸ்டர், டேப்போட ஒரு தாழ்ப்பாளும் எட்டு ஸ்க்ரூவும் எப்பவும் கிடக்கும். மண்டபத்துக்குப் போனதும் முதல்ல லேடீஸ் ரூம் கதவுல அதை மாட்டிட்டுதான் லைட்டைத் தொடுவேன். என் தங்கச்சியும் கொஞ்ச நாள் நடிச்சா.

பழைய ஆர்மோனியக்காரர், புதுச்சேரி

படிச்ச பள்ளிக்கூடத்துப் பேரைச் சொன்னியேம்மா, அந்தச் சுவாமிகளே இந்தக் கஷ்டத்துல சிக்கினவர்தான். சனீஸ்வரன் வேஷம் கட்டி ராவெல்லாம் ஆடிட்டு, விடியக்காலையில வேஷம் கலைக்கக் குளத்துக்குப் போயிருக்கார். எதிர்ல வந்த பொம்பளை அந்தக் கோலத்தைப் பாத்துப் பயந்து அங்கேயே உயிரை விட்டுட்டதாச் சொல்லுவாங்க. அதோட வேஷம் கட்டறதையே விட்டு, பாட்டு எழுதறதும் பையன்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுமா ஆயிட்டாராம். எங்க வாத்தியார் இதைச் சொல்லும்போது பெட்டியை மூடி வச்சிடுவார்.

1922 நவம்பர் 13-ல இதே புதுச்சேரியில காலமானார். சமாதி கருவடிக்குப்பத்துல இருக்கு. காலாப்பட்டுல படிச்சவங்க எத்தனை பேர் அங்க போயிருக்காங்களோ, எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் போனதில்ல.

நடிகை, புதுச்சேரி

நானும் போனதில்லங்க ஐயா. இந்த நவம்பர்ல போறேன்.

லைட் அண்ணே, அந்தத் தாழ்ப்பாள் நாலு இஞ்சா, ஆறு இஞ்சா?

லைட் போடறவன், திருப்பாதிரிப்புலியூர்

ஆறு வாங்கும்மா. நாலு ஒரு தள்ளுக்குத் தாங்காது.