புதுப்பிப்பு: ஊட்டிக் குளிரில் வெளிவேலைக்கு உடுப்பு

உள்ளே பனியன், நடுவில் ஸ்வெட்டர், மேலே ஜெர்கின் என்று முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். உள் பனியன் பருத்தியாக இருக்கக் கூடாது. மண்வெட்டி பிடித்த அரை மணியில் வியர்வையைக் குடித்துவிட்டு லேசில் காயாது. டீக்கு நிற்கும்போதுதான் நடுக்கம் ஆரம்பிக்கும். விளையாட்டுக்குப் போடும் பாலியெஸ்டர் டீசர்ட் போதும். பருத்திதான் இருக்கிறதென்றால் மாற்றுப் பனியன் ஒன்று பையில் இருக்கட்டும்.

வெல்டிங், கிரைண்டர் வேலைக்கு இது தலைகீழ். பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அங்கே பருத்தி, கம்பளி மட்டும்; மேலே லெதர் ஏப்ரன். மஃப்ளரும் ஆகாது, சுழலும் டிஸ்க் இழுத்துவிடும். மங்கி குல்லாதான் சரி (சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்).

கம்பூட்டுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டும் கால் மரத்துப்போகிறதே என்ற கேள்விக்கு: இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. ஒரு சைஸ் பெரிய பூட், ஒரே ஒரு கம்பளி சாக்ஸ்.

சிமென்ட் கலவைக்குக் கம்பளிக் கையுறை வேண்டவே வேண்டாம். ஈரக் கலவையை உறிஞ்சித் தோலோடு வைத்துப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை, உள்ளே மெல்லிய நூல் கையுறை.

ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் விடியலில் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், 10 மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். அப்போது சட்டென்று திறந்துவிட, ஜெர்கினில் முழு ஜிப் இருக்கட்டும்.