கேபின் மவுண்ட் வெல்டிங்: உயரத்தை எதை வைத்துப் பார்ப்பது?

கேள்வி:
என் பழைய பிக்கப்பில் பின்பக்க கேபின் மவுண்ட் (கேபினைச் சேஸியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இணைக்கும் தாங்கி) இரண்டும் துருப்பிடித்து அடுக்கடுக்காக உரிகின்றன. ஓட்டுநர் பக்கம் கேபின் தணிந்துவிட்டது, கதவைத் தூக்கித்தான் சாத்துகிறேன். பழையதை வெட்டிவிட்டால் சரியான உயரம் எப்படித் தெரியும்?

பதில் 1:
இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். நான் அப்படி வெட்டிவிட்டு, நகர்ந்துபோன கேபினைத் திரும்ப நேராக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு பக்கம் முடிந்தபின் மறுபக்கம். மற்ற மவுண்ட் போல்ட்களை லேசாகத் தளர்த்தினால் போதும்.

கேபினுக்கு அடியில் அகலமான மரக்கட்டை கொடுத்து ஜாக்கியால் மெல்லத் தூக்குங்கள். பழைய உயரத்தை நம்ப வேண்டாம், அதுவே தணிந்த உயரம். கதவின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வரும் இடம்தான் சரி. அப்புறம் புது மவுண்ட்டைப் புது ரப்பரோடு கேபினில் போல்ட் போட்டுத் தொங்கவிட்டு, சேஸியில் அது உட்காரும் இடத்தில் நான்கு டாக் (தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் சிறு புள்ளி வெல்ட்) மட்டும் வையுங்கள். கதவைச் சாத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் ரப்பரைக் கழற்றிவிட்டு முழு வெல்ட். கழற்றாவிட்டால் ரப்பர் கருகிவிடும்.

பதில் 2:
பேட்டரி கேபிளைக் கழற்ற மறக்காதீர்கள். சேஸியை ஒட்டி எரிபொருள், பிரேக் குழாய்கள் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். சேஸியின் மேல், கீழ் விளிம்புகளுக்குக் குறுக்கே வெல்ட் ஓட்டாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

கேள்வி கேட்டவர்:
ஓட்டுநர் பக்கம் டாக் வைத்தாயிற்று. கதவு இப்போது ஒரு விரலில் சாத்துகிறது! நாளை முழு வெல்ட்.